குறைய வேண்டிய அரிசி

இந்த ஊரில் நாம் ஒருவரின் காலை மிதித்தாலும் மிதிபட்டவர்தான் மன்னிப்புக் கேட்கிறார். பஸ்ஸில் சொரி, கடையில் சொரி, கதவடியில் சொரி. வந்த புதிதில் எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. இங்கிலாந்தின் வடக்கே கிடக்கும் இந்தச் சின்ன ஊரில் என்னிடம் சொரி சொல்லாத ஒரே மனுசி டொரத்திதான். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிறார். மறதி நோய். கரண்டியை வாயருகே கொண்டுபோனால் தட்டிவிடுவார், கிள்ளுவார், "அந்தக் கையை எடு" என்று கத்துவார். மற்ற ஊழியர்கள் கொஞ்சம் பார்த்துவிட்டுச் சாப்பாட்டுத் தட்டோடு போய்விடுவார்கள். நான் பிடிவாதக்காரி. மல்லுக்கட்டிப் பாதியையாவது ஊட்டிவிட்டுத்தான் எழும்புவேன். அதற்காக என்னைப் பெரிய புண்ணியவதி என்று நினைத்துவிடாதீர்கள். குளியலறைக்குள் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுத நாட்கள் நிறைய உண்டு.

ஈஸ்டருக்கு முந்திய லெந்து காலம் தொடங்கிய கிழமை, மேலாளர் கூப்பிட்டார். "மேல்மாடிக்கு வந்துவிடுகிறாயா? அங்கே எல்லோரும் அமைதியான ஆட்கள். ஈஸ்டர் ஞாயிறும் உனக்கு லீவு" என்றார். ஈஸ்டர் லீவு! இந்த நாட்டுக்கு வந்த பிறகு ஓர் உயிர்ப்பு ஞாயிற்றுக்கும் நான் கோயிலைக் கண்டதில்லை. "டொரத்திக்கு யார் ஊட்டுவது?" என்று கேட்டேன். "சமாளிப்போம்" என்றார். அந்தச் சமாளிப்பு எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்தேனே தவிர, மனம் அப்போதே மாடிப்படி ஏறிவிட்டது.

இலங்கையில், எங்கள் ஊர் கல்முனையில் லெந்து காலம் என்றால் எங்கள் வீட்டில் பிடியரிசி. அம்மா உலைக்கு அரிசி அளந்த பிறகு, அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தகரப் பேணியில் போட்டுவைப்பா. ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போய், அங்கிருந்து இல்லாத வீடுகளுக்குப் போகும். இங்கேயும் நான் அதை விடவில்லை. பேணிக்குப் பதில் ஐஸ்கிரீம் டப்பா. என்னோடு வீட்டைப் பகிர்ந்திருக்கும் பக்கத்து ஊர் மருதமுனைப் பிள்ளை ரிபாயாவுக்கு அப்போது நோன்பு. பொழுதுபடும் வரை எங்கள் குசினியில் சத்தமே இராது.

டப்பா நிரம்பிய ஞாயிறு அதைக் கோயிலுக்குக் கொண்டுபோனேன். பெரிய கட்டடம், உள்ளே கோட்டைக் கழற்றாமல் குளிரில் உட்கார்ந்திருக்கும் ஒரு சில வயதானவர்கள். காணிக்கைத் தட்டுக்குப் பக்கத்தில் டப்பாவை வைத்தேன். போதகர் திறந்து பார்த்து முகமெல்லாம் மலர்ந்து, "யாருக்குக் கல்யாணம்?" என்றார். இவர்கள் மாப்பிள்ளை பெண்ணின் தலையில்தான் அரிசி எறிவார்களாம். கல்யாணமில்லை, பசி என்று என் ஆங்கிலத்தில் விளக்கினேன். அவர் முகம் வாடிப்போனது. என் கையைப் பிடித்துத் தடவிக்கொடுத்தார். அடுத்த நாள் கோயில் பெண்கள் இருவர் எங்கள் வாசலில் பெரிய பையோடு நிற்கிறார்கள். அவரை டின், பிஸ்கட், பன்றி இறைச்சி டின், கூடவே ஒரு பாக்கெட் அரிசி! நான்தான் பட்டினி கிடக்கிறேன் என்று நினைத்துவிட்டார் அந்த நல்ல மனிதர்.

ரிபாயா விழுந்து விழுந்து சிரித்தாள். "அல்லாஹ்வே! ஊருக்குக் குடுக்கப் போன அக்காவுக்கு ஊரே சாப்பாடு குடுக்குது!" பிறகு நோன்புக் கஞ்சியைத் துழாவிக்கொண்டே, "அக்கா, கோவிக்காதீங்க. நீங்க அளந்த அரிசியிலயா எடுத்தீங்க? மூட்டையில இரிந்துதானே அள்ளிப் போட்டீங்க, நான் பாத்துக்கிட்டுத்தானே இரிந்தன். எங்கட நோன்புல வயிறு காயிது. உங்களுக்கு இதுல என்ன கொறஞ்சது?" என்றாள்.

"வாயப் பொத்திக்கிட்டு உன்ட கஞ்சியப் பாரு" என்று சொல்லிவிட்டு அறைக் கதவை அடித்துச் சாத்தினேன். எனக்கு அப்படியொரு ஆத்திரம். உண்மையைச் சொன்னால் யாருக்குத்தான் வராது? எங்கள் வீட்டில் அந்த ஒரு பிடி குறைந்த நாட்களில் எங்கள் கோப்பைகளில் சோறு குறைந்ததேயில்லை. அம்மாவின் கோப்பையில்தான் குறைந்தது. என்னிடம் எது குறைந்தால் எனக்கு நோகும் என்று யோசித்தேன். யோசிக்கவே தேவையில்லை, ஈஸ்டர் லீவுதான். "அத மட்டும் கேக்காதீங்க ஆண்டவரே" என்று கட்டிலில் முகம் புதைத்து அழுதேன். அவர் கேட்கவுமில்லை, வற்புறுத்தவுமில்லை. அடுத்த நாள் மேலாளரிடம், கீழேயே இருக்கிறேன் என்று சொன்னேன். பைத்தியமா என்பது போல் பார்த்தார். வீட்டுக்கு வந்து ரிபாயாவிடம் ஒரு கோப்பைக் கஞ்சி வாங்கிக் குடித்தேன். அந்தக் கிழமை முழுவதும் எனக்கு நல்ல நித்திரை.

ஈஸ்டர் காலையில் டொரத்திக்கு ஓட்ஸ் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது அம்மா ஊரிலிருந்து போன் எடுத்தா. அங்கே மத்தியானம், குசினியில் ஏதோ பொரியும் சத்தம்.

"கர்த்தர் உயிர்த்தெழுந்தார் மகள்!"

"மெய்யாகவே உயிர்த்தெழுந்தார் அம்மா."

"விடியக்காலம் கடற்கரை ஆராதனைக்குச் சரியான சனம். நீ கோயிலுக்குப் போகல்லியா?"

"இல்லம்மா, வேலை."

டொரத்தி என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு கத்துக் கத்தினார்.

"ஆரு புள்ள அது, இப்பிடிக் கத்துறது?"

"எங்கட ஆள்தான் அம்மா."

அங்கே பொரியும் சத்தம் நின்றது.

"அவ சாப்பிட்டாவா?"

"இப்பதான் ஊட்டிக்கிட்டிரிக்கன்."

"அப்ப முதல்ல அதப் பாரு. நான் நிக்கிறன்."

அம்மா போனை வைக்கவில்லை. தோளுக்கும் காதுக்கும் இடையில் என் போனை இடுக்கிக்கொண்டு, டொரத்தி பிடித்த கையை அப்படியே விட்டுவிட்டு, மற்றக் கையால் அடுத்த கரண்டியை எடுத்தேன்.