கேக்கின் மேல் மூன்று வளையங்கள்

கேக் சுட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. யாரிடமும் போய்ப் படித்ததில்லை. கைபேசியில் பார்த்துச் சுட்டு, கெட்டுப்போனதை வீட்டாருக்குத் தின்னக் கொடுத்து, அப்படியே கைக்கு வந்த தொழில். ரோசாப்பூ வரும், எழுத்து வரும். கார்ச் சின்னம் மட்டும் அதுவரை கீறியதில்லை.

கேட்டவள் எங்கள் ஒழுங்கையில் வாவிப் பக்கமாக இருப்பவள். அவளுடைய புருசன் கத்தாரில் ஒரு வீட்டுக்குக் கார் ஓட்டுகிறார். இரண்டு வருசம் கழித்து லீவில் வருகிறார்.

"ராத்தா, அவர் ஓட்டுற கார்ர அடையாளம் கேக்குக்கு மேல வேணும். முன்னுக்கு மின்னுமே, அது."

"அவர்ர பேர எழுதித் தாறன் புள்ள. எனக்கும் லேசு."

"போன முறை வந்து ரெண்டு நாளா வாயே திறக்கல்ல, ராத்தா. கேட்டதுக்கு ஓம், இல்ல, அவ்வளவுதான். இந்த முறை வந்த உடன அந்த முகம் சிரிக்கணும். அந்தக் கார்தான் அவருக்கு உசிரு. பாருங்களன்."

கைபேசியைத் தள்ளித் தள்ளிக் காட்டினாள். பெருநாள் படம், மழைப் படம், கண்ணாடி போட்ட படம், எல்லாவற்றிலும் மனிதர் அந்த வெள்ளைக் காரின் மூக்கில் கை வைத்துக்கொண்டுதான் நிற்கிறார். நானும் நம்பிவிட்டேன்.

பார்க்க மூன்றே வளையங்கள். பெரியதொன்று, அதற்குள் நெடுக்காக ஒன்று, குறுக்காக ஒன்று. கீறப் போனால்தான் தெரியும். தட்டைக் கவிழ்த்து அதன் முதுகில் ஐசிங்கால் கீறுவேன், வழித்துப் பைக்குள் போடுவேன், மறுபடி கீறுவேன். எட்டிப் பார்த்த என் மச்சி, "மூணு முட்டை சண்டை பிடிக்கிற மாதிரி இரிக்கி" என்றாள். அவளுடைய வாய் அப்படி. கடைசியில் ரப்பர் வளையலை இரண்டு விரலால் நசுக்கிப் பிடித்து மாவில் அமுக்கிப் பழகினேன். கை அளவைப் பிடித்துக்கொள்வதற்குள் மூன்று பகல் போனது. மணிக்கட்டு தனியாக அழுதது. வெக்கையில் ஐசிங் வேறு இளகி வழிந்தது.

அவர் வந்த அன்று அசர் தொழுகைக்குப் பிறகு கேக்கைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். கறுப்புச் சொக்லேட்டின் மேல் சாம்பல் நிறத்தில் மூன்று வளையங்கள். அவள் கேக்கைப் பார்க்கவில்லை, அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆரு கீறின?" என்றார்.

"நான்தான் தம்பி."

"அச்சொட்டா இரிக்கி ராத்தா." சிரிப்பு மட்டும் வரவில்லை. கதிரையில் சாய்ந்தார். "விடியச் சுபஹுக்குப் பிறகு முதல் வேலை இதத் துடைக்கிறதான். இடுக்குல மணல் இருந்தா கபீல், அந்த வீட்டு முதலாளி, விரலால தடவிப் பாத்து எனக்கிட்டக் காட்டுவார்."

"அப்ப அந்தப் போட்டோவெல்லாம்?" என்றாள் அவள்.

"பின்ன படத்துக்கு வேற எதுக்குப் பக்கத்துல நிக்கச் சொல்ற? எங்கட அறையில ஆறு கட்டில். அதப் படம் எடுத்து அனுப்பவா?"

அவள் கத்தியை எடுத்து வளையங்களை வழிக்கத் தொடங்கினாள்.

"விடுகா, ராத்தா பாடுபட்டுக் கீறினது" என்றார் அவர்.

"வழி புள்ள, வழி" என்றேன். மூன்று பகல் உழைப்பு கத்தியோடு போவதற்கு வருத்தப்படக்கூட எனக்குத் தெம்பில்லை.

சாம்பலும் கறுப்பும் குழம்பி, கேக் உழுத வயல் மாதிரி ஆனது. ஒரு துண்டை வெட்டி அவர் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "மத்த அஞ்சு கட்டில்லயும் ஆரு?" என்று கேட்டாள்.

"மேல்கட்டில்ல ஒரு மன்னார்க்காரன். குறட்டை விட்டா தகரமெல்லாம் ஆடும்" என்று தொடங்கினார். இரண்டாவது கட்டில்காரர் ஓட்டமாவடி ஊராம். மூன்றாவது கட்டிலுக்கு வரும்போது எனக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. அடுத்த கேக்குக்கு இன்னும் முட்டையே அடிக்கவில்லை. போயிற்று வாறன் என்றேன். இருவருக்கும் அது கேட்கவில்லை.