கட்டைவிரல் நகம்

மனைவி மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குக் கிளம்பினால் போதும், கவர்காரர் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, பழுது பார்த்து வைத்திருக்கும் செல்போன்களை ஒவ்வொன்றாக வெளியே எடுப்பார். எல்லாவற்றின் கேமரா மேலும் மிளகளவு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருக்கும். கட்டைவிரல் நகத்தை ஓரத்தில் செருகி அதை உரிப்பார். வாயால் ஊதி, சட்டை நுனியால் துடைத்து, போனை இருந்த இடத்திலேயே வைப்பார். உரித்த துணுக்குகள் உருண்டையாகிச் சட்டைப்பைக்குள் போகும். அந்த ஒரு நகத்தை மட்டும் அவர் வெட்டுவதே இல்லை. “என்ன, கிடார் கத்துக்கறீங்களா?” என்று சீண்டினால், “ஆமாக்கா, கச்சேரிக்குக் கூப்பிட்டிருக்காங்க, டிக்கெட் வேணுமா?” என்பார்.

கவர்காரர் என்பது தெரு வைத்த பெயர். பிரித்து மாட்டுகிற வேலையெல்லாம் மனைவிக்குத்தான் வரும். இவர் முன்னால் உட்கார்ந்து கவரும் சார்ஜரும் விற்பார். அதில் அவருக்கு வெட்கம் கிடையாது. “மூளை உள்ள உட்காந்திருக்கு, நான் வெறும் வாய்” என்று அவரே சொல்வார். அது லேசுப்பட்ட வாயில்லை. சார்ஜர் கேட்டு வந்தவர், இன்னும் வாங்காத போனுக்குக் கவர் வாங்கிக்கொண்டு போனதை நானே பார்த்திருக்கிறேன். அவர்கள் கடைக்கும் என் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அங்கே தும்மினால் இங்கே கேட்கும்.

அவர் மனைவியை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். வேலை செய்யும்போது எதையாவது முணுமுணுவென்று பாடிக்கொண்டே இருப்பாள். முதலில் அந்தப் பாட்டு நின்றது. பிறகு ரேடியோவை அணைக்கச் சொன்னாள். சுவரில் முதுகு படும்படி ஸ்டூலை மாற்றிப் போட்டுக்கொண்டாள். கண்ணுக்குக் கீழே கறுத்துப் போனது. தூங்குகிறாளா என்றே தெரியவில்லை. அதற்கப்புறம் வந்ததுதான் டேப். “திறந்து வச்சா அவங்க பாப்பாங்க” என்றாள். யாரம்மா அவங்க என்று கேட்டதற்கு உதட்டில் விரலை வைத்தாள்.

கவர்காரரிடம் எல்லாவற்றுக்கும் ஒரு சமாதானம் இருந்தது. வேலை ஜாஸ்தி, வெயில் ஜாஸ்தி, கண் வலி. “தூசி படாம இருக்க ஒட்டறது சார், இலவச சர்வீஸ்” என்று வாடிக்கையாளரைச் சிரிக்க வைத்து அனுப்பினார். அது எத்தனை நாள் செல்லும்? அதனால்தான் உரிக்க ஆரம்பித்தார். நாலு பேர் வாயில் அவள் விழுந்துவிடக் கூடாது, அவ்வளவுதான் அவர் நினைப்பு. பாசம்தான், இல்லை என்று யார் சொன்னது? ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளுக்குச் சளி பிடித்தாலே ஆட்டோ பிடிக்கிற மனிதர் அவர். “மனநல டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்களேன்” என்று தடுப்புக்கு மேலே எட்டிச் சொன்னேன். “அவளுக்கு என்னக்கா, பைத்தியமா?” என்றார். அப்புறம் கொஞ்ச நாள் என் கடைப் பக்கமே திரும்பவில்லை.

ஒருநாள் மதியம் தங்கச்சி சாப்பிடப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. ஏற்கெனவே துரும்பாய் இளைத்திருந்தாள். “சாப்பிடப் போகலையாம்மா?” என்று அவர் கேட்பது எனக்குக் கேட்டது.

“நான் போற நேரம் பாத்து யாரோ உள்ள வர்றாங்க. ஒட்டினதையெல்லாம் உரிச்சிட்டுப் போயிடறாங்க.” ரகசியம்போலத்தான் சொன்னாள். “மொதல்ல எனக்கே சந்தேகமாத்தான் இருந்துச்சு, நானா கற்பனை பண்ணிக்கறேனோன்னு. உங்ககிட்டச் சொல்லி டாக்டரைப் பாக்கலாம்னுகூட இருந்தேன். இப்பதான் உறுதியாயிடுச்சே. நீங்க பாவம், உங்களுக்குத் தெரியாது.”

கவர்காரர் எழுந்து என் கடைக்கு வந்தார். காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்து தன் நகத்தையே பார்த்தார். “அந்த யாரோ நான்தான்க்கா” என்றார். “அவளே வெளிய வரப் பாத்திருக்கா. நான்தான் உள்ள தள்ளிட்டேன்.” குலுங்கிக் குலுங்கி அழுதார். அந்தப் பக்கம் கேட்டுவிடுமே என்று நான் ஜெராக்ஸ் மெஷினை ஓடவிட்டேன்.

அன்று சாயங்காலமே தனியாகப் போய் டாக்டரைப் பார்த்தார். இதுவும் ஒரு வியாதிதான், மருந்து இருக்கிறது, உங்கள் மனைவியிடம் வாதாடாதீர்கள், எதையும் மறைக்காதீர்கள், அழைத்து வாருங்கள் என்றாராம் அந்த டாக்டரம்மா. மறுநாள் கடை திறந்ததும் கவர்காரர் மனைவியிடம் நேராகச் சொல்லிவிட்டார்: “உரிச்சது நான்தான்ம்மா. வேற யாரும் வரலை.”

ஸ்டூலை இழுக்கும் சத்தம் கேட்டது. அவள் கடையின் மறு கோடிக்குப் போய்விட்டாள். “நீங்களுமா?” என்று கேட்டாள், அவ்வளவுதான்.

“டாக்டரைப் பாக்கலாம்னு இருந்தேன்னியே. போலாம்மா, நானும் வரேன். உனக்கு எப்பத் தோணுதோ அப்பச் சொல்லு.”

அதன் பிறகு அவள் அவரோடு பேசவில்லை. அவர் கொடுத்தால் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நான் நீட்டினால் இரண்டு வாய் சாப்பிடுவாள். அவரோ, அவள் பார்வையில் படும்படி இரண்டு கைகளையும் கண்ணாடிப் பெட்டி மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டேப்பைப் பற்றி யாராவது கேட்டால், “வீட்டம்மாவுக்கு உடம்பு முடியலை, நீங்களே எடுத்துக்குங்க” என்றார். வேறு எதுவும் சேர்க்கவில்லை. அந்த மனிதர் இப்படிச் சுருக்கமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

அப்படியே போய்க்கொண்டிருந்தபோது, ஒரு மதியம் அவளே எழுந்து வந்தாள். கையில் ஒயர் வெட்டுகிற கட்டர் இருந்தது. “டாக்டர்கிட்ட வரேன். மொதல்ல கையைக் காட்டுங்க” என்றாள். அவர் நீட்டினார். சதையை ஒட்ட அந்த நகத்தை வெட்டினாள். பிறகு டேப்பில் ஒரு துண்டு கிழித்துக் கண்ணாடிப் பெட்டி மேல் அழுத்தி ஒட்டிவிட்டு, “உரிங்க” என்றாள். அவர் மொட்டை விரலால் ஓரத்தைச் சுரண்டிச் சுரண்டிப் பார்த்தார். வரவில்லை. அவள் குனிந்து அதைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஆணியில் தொங்கிய கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.