அக்கா கேட்ட ஒரே வகுப்பறை

அக்காவின் பிரிவில் எங்கள் வீடு தேடி வந்த உங்கள் எல்லோருக்கும் இந்த நினைவு மலரில் தங்கை எழுதுவது. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா மலையகத்தில், ஒரு தேயிலைத் தோட்ட லயத்து வரிசை வீட்டில் பிறந்தவர். கலவரத்துக்குப் பயந்த அம்மாவும் அப்பாவும் அவரைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு வடக்கே கண்டாவளைப் பக்கம் வந்து, மற்றவர்களின் வயலில் கூலிக்கு நின்றார்கள். அத்தான் காலமான பிறகு அக்காவும் நாற்று நட்டு, நெல் அரிவி வெட்டித்தான் மகளை வளர்த்தார்.

வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் மலையகத்திலிருந்து வந்த எங்கள் ஆட்களின் சின்னப் பள்ளிக்கூடம், அந்தப் பக்கம் பெரிய பள்ளிக்கூடம். ஆறாம் வகுப்புக்கு மகளை அங்கே சேர்க்க அக்கா போனார்.

"பழைய மாணவரின்ரை பிள்ளையளுக்குத்தான் முதல் இடம். உங்கடை ஆக்களுக்கு அங்காலை பள்ளிக்கூடம் இருக்குத்தானே" என்றார்கள்.

எங்களை ஒருநாளும் உள்ளே விடாதவர்கள், நாங்கள் அங்கே படிக்கவில்லை என்று சொல்லிப் பிள்ளையை மறித்தார்கள். அக்கா வழக்குப் போட்டார்.

"வேண்டாம் அக்கா, நாளைக்கு வயல்காரர் வேலைக்குக் கூப்பிடமாட்டினம்" என்று நான் அழுதேன்.

"கூப்பிடாட்டி அவையே குனிஞ்சு நடட்டும். குனிஞ்ச நாரி நொந்தாப் பிறகு எங்களைத் தேடி வருவினம்."

இரண்டு இடத்திலும் ஒரே பாடம், விதியில் சாதி என்றோ மலையகம் என்றோ ஒரு சொல்லும் இல்லை என்று மறுபக்கச் சட்டத்தரணி வாதாடினார். சொல்லைப் பார்க்காதீர்கள், அந்த விதியால் வெளியே நிற்பது யார் என்று பாருங்கள் என்றார் எங்கள் சட்டத்தரணி அம்மா. நீதிமன்றத்தை விட்டு வெளியே வந்ததும் அக்கா மறுபக்கச் சட்டத்தரணியை மறித்தார்.

"ஒரே பாடம்தானே ஐயா, அப்ப ஒரே வாங்கிலை இருந்து படிச்சா என்ன?"



மகளைச் சேர்க்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. அதைக் காட்டி இன்னும் சில பிள்ளைகளும் சேர்ந்தார்கள். ஆனால் எங்கள் பிள்ளைகளை மட்டும் பின்னுக்கு ஒரு தகரக் கொட்டிலில் தனி வகுப்பாக இருத்தினார்கள்.

"உள்ளுக்கு விட்டாச்சுத்தானே, இன்னும் என்ன?" என்று எங்கள் உறவினர் சிலரே கேட்டார்கள். அக்கா மறுபடியும் வழக்குப் போட்டார். அப்போதே சிறுநீரகம் பழுதாகி, இரத்தம் சுத்திகரிக்க வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போய்வந்துகொண்டிருந்தார். கடைசிக் கிழமையிலும் அவர் என்னிடம் கேட்டது, "வழக்குத் தவணைக்கு எனக்குப் பதிலா ஆர் போய் நிப்பினம்?" என்றுதான்.

எங்களோடு நின்ற சட்டத்தரணி அம்மாவுக்கும், அக்காவை முகம் சுளிக்காமல் பார்த்த தாதிமாருக்கும், வாய்க்காலுக்கு அந்தப் பக்கமிருந்து சாட்சி சொல்ல வந்த ஆசிரியைக்கும் நன்றி.

செத்த வீட்டில் சண்டை ஏன், வழக்கை மலரில் எழுதாதே என்று சொன்ன சொந்தங்களுக்கும் வணக்கம். எழுதிவிட்டேன்.

"மனிசி செத்துப்போட்டுது, வழக்கும் முடிஞ்சுது" என்று சந்தையில் கதைக்கிறார்களாம். முடியவில்லை. அக்காவின் மகள், என் பெறாமகளின் பாதுகாவலராக நீதிமன்றத்தில் என் பெயரைக் கொடுத்திருக்கிறேன். பஸ் பிந்துமோ, கேட்கிற நேரத்தில் எனக்கு வாய் வராதோ என்று இப்போதே பயமாக இருக்கிறது. ஆனாலும் வருகிற தவணைக்கு வந்து நிற்பேன். பக்கத்தில் பெறாமகள் நிற்பாள், பள்ளிச் சீருடையோடு.