பிரேக் பிடிக்காத எலிகள்

குன்னூருக்கு மேலே ஒரு மருந்தியல் கல்லூரியின் எலி அறையில் வேலாமணிக்கு வேலை. எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவள். முட்டி தேய்ந்து சரிவு ஏற முடியாமல் போனபின் இங்கே வந்தாள். ஹீட்டரின் கதகதப்பு, சன்னலில் மஞ்சாய்ப் படியும் மூடுபனி, கூண்டுகளில் வெள்ளை எலிகளின் மெல்லிய மூச்சு. பாதித் தூக்கத்தில் மிதப்பதுபோலப் பகல் கழியும். யாராவது எழுப்பி வெளியே அனுப்பிவிடுவார்களோ என்பதுதான் பயம். வேலை இன்னும் தற்காலிகம்.

ஆராய்ச்சி மாணவி கனிஷ்கா ஊசியை எடுத்துக்கொண்டே சொன்னாள்:

"மூளையில காபான்னு ஒண்ணு இருக்குங்கக்கா. ஓடச் சொல்லித் தூண்டுற டோபமைன் செல்லைத் துள்ள விடாம அடக்கி வைக்கும். மலை எறங்குற பஸ்ஸுக்கு பிரேக் மாதிரி. இந்த மருந்து அந்த பிரேக்கை இன்னும் அமுத்தும். எலி ஓடாம உக்காந்துரும்."

"எங்கூட்டுக்காரருக்கு ஊசியே வேண்டாம் அம்மணி. டிவியைப் போட்டாப் போதும்."

ஆனால் எலிகள் உட்காரவில்லை. ஓட்டத்தை அளக்க ஒளிக்கற்றைகள் குறுக்கிடும் பெட்டிக்குள் மூலைக்கு மூலை பறந்தன.

"மருந்து கெட்டுப்போச்சு. எல்லாத்தையும் கொட்டிட்டுப் புதுசு வாங்கணும்," என்றாள் கனிஷ்கா, முகம் வாடி.

வேலாமணி ஓர் எலியை அள்ளி மார்போடு அணைத்தாள். அதன் நெஞ்சு படபடத்தது. ரோமத்தில் தேயிலை ஃபேக்டரி வாசம். மலைப்பாதையில் மண் சரிந்து, கூண்டுகளில் பரப்பும் உமியைக் கொண்டுவரும் லாரி வராமல் போக, குளிருமே என்று, ஃபேக்டரியில் கழித்த தேயிலைத் தூளைச் சாக்கில் கொண்டுவந்து கூண்டுகளில் மெத்தையாகப் பரப்பியவள் அவள்தான். எலிகள் அதைக் கொறித்தபடியே கிடந்தன.

சொன்னால் மறுபடி கூடை, மறுபடி சரிவு. நாக்கை யாரோ அமுக்கிப் பிடித்ததுபோல் இருந்தது. மஞ்சு சன்னலைத் தொட்டு விலகியது.

"அம்மணி, மருந்து மேல தப்பில்லீங்க. உமி வரலீன்னு நாந்தான் டீத்தூளைப் போட்டுட்டனுங்க."

கனிஷ்கா கூண்டுக்குள் மூக்கை நுழைத்தாள். "அய்யோ! நான் பிரேக்கை அமுத்தறேன், நீங்க பக்கத்துல உக்காந்து டீத்தூள் காஃபீனால ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறீங்களாக்கா?"

வேலாமணி அணைத்திருந்த எலியை மெல்லக் கூண்டில் இறக்கிவிட்டாள்.

"நல்லவேளை சொன்னீங்க. இல்லீன்னா புது மருந்தையும் கொட்டியிருப்பேன்," என்று பெருமூச்சு விட்டாள் கனிஷ்கா. "முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். உமி வர்ற வரைக்கும் காகிதம்தான். தெனமும் நீங்கதான் கிழிச்சுப் போடணும்."

தெனமும். அந்தச் சொல்லை வாயில் கற்கண்டாய் அடக்கிக்கொண்டு வேலாமணி தாள் கிழிக்க உட்கார்ந்தாள்.

அடுத்த முறை, மருந்து ஏறிய புது எலிகள் பெட்டியின் மூலையில் மஞ்சுத் துண்டுகள்போல் அசையாமல் அமர்ந்தன.

"பாருங்கக்கா," என்றாள் கனிஷ்கா. "அப்படியே உங்கூட்டுக்காரரு!"