நீல ரிப்பன் பெட்டி

நாங்கள் வேலை பார்க்கும் சாக்லேட் கடையின் பின்னறையில் பெரியம்மாவுக்கு ‘முடிச்சு’ என்றுதான் பெயர். பதினெட்டு வருடமாகப் பெட்டி கட்டுகிறார். அச்சில் சாக்லேட் ஊற்றுவது நான். அது நாக்கில் வழுக்கிக்கொண்டு கரைவதற்கு நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும். ஆனால் வாங்குகிறவர்கள் பெட்டியைப் பார்த்தே மயங்கிவிடுவார்கள். எனக்கு அதில் எரிச்சல் உண்டு, மறைப்பானேன்?

நியாயமாகச் சொன்னால், அவர் அடுக்குவதை வேலையை விட்டுவிட்டு நின்று பார்க்கலாம். மூடியைத் திறந்ததும் முதலில் மெல்லிய தாள் சரசரக்க வேண்டும், பிறகு வாசனை வர வேண்டும், அதன் பிறகுதான் கண்ணுக்கு நிறம். இது அவர் வகுத்த வரிசை. நிறம் சரியாக அமையாவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

அன்று ஒரு பிறந்தநாள் விருந்துக்கு முப்பது பெட்டிகள். அதில் ஒன்றுக்கு மட்டும் நீல ரிப்பன். விருந்துக்கு வரும் ஒரு சிறுமிக்குப் பாதாம் ஆகாது. போன வருடம் தொண்டை அடைத்து ஆஸ்பத்திரியில் கிடந்தாளாம். அதனால் அந்தப் பெட்டியில் பாதாம் படாத கறுப்புச் சாக்லேட் பன்னிரண்டு என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

பெட்டிகள் போய் ஒரு மணி நேரம் கழித்து, பாதாம் தட்டை எண்ணினேன். தங்கத் தாள் சுற்றியது ஒன்று குறைந்தது. எங்கள் கடையில் பாதாமுக்கு மட்டும்தான் தங்கத் தாள். யார் வாயில் போட்டுக்கொண்டது என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். பெரியம்மா மட்டும் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

“நீலப் பெட்டி பூரா ஒரே கறுப்பா இருந்துச்சு. கண்ணுக்கு நல்லாவே இல்ல. நடுவுல ஒண்ணு மினுங்கட்டும்னு மாத்தி வச்சுட்டேன்டி.”

விருந்து வீட்டுக்கு ஆறு தடவை போன் அடித்தோம். முப்பது குழந்தைகள் போடும் கூச்சலில் யார் காதில் விழும்? விருந்து மூன்று மணிக்கு. அப்போதே மணி மூன்றே முக்கால். ஸ்கூட்டரை எடுத்தேன்.

பெரியம்மா பின்னால் என் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிக்னலில் நின்றபோது குழந்தைக்கு என்ன வயது என்று கேட்டார். ஆறு இருக்கும் என்றேன். எனக்குப் பயத்தில் அடுத்த திருப்பம்கூட மறந்துபோய், தெரிந்த தெருவையே ஒரு தடவை தாண்டிப் போய்த் திரும்பினேன்.

வீடு நாலாவது மாடி. லிப்ட் வரும்வரை பொறுக்க முடியாமல் படியேறினோம். கதவு திறந்தே கிடந்தது. தரையெங்கும் அவர் கட்டிய ரிப்பன்கள் மிதிபட்டுக் கிடந்தன. சன்னலோரத்தில் ஒரு சிறுமி, நீல ரிப்பனைத் தலையில் கட்டிக்கொண்டு, மடியில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள். பதினொரு காகிதக் கிண்ணங்கள் காலி. தங்கத் தாள் சுற்றியது அவள் கையில் இருந்தது. தாளின் ஓரத்தை நகத்தால் கிளப்பிக்கொண்டிருந்தாள்.

பெரியம்மா அவள் முன்னால் தரையில் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். “வேணாம் கண்ணு. அதுல பாதாம் இருக்கு.”

அவள் விடவில்லை. “இதுதான் ரொம்ப அழகு. கடைசியா சாப்பிடலாம்னு வச்சிருந்தேன்.”

அதற்குள் அவள் அம்மா ஓடி வந்து என்ன ஏது என்று கேட்டாள். பெரியம்மா மழுப்பியிருக்கலாம், பழியை என் தலையில்கூடக் கட்டியிருக்கலாம்.

“நான்தான் வச்சேன்மா,” என்றார். “அழகுக்கு.”

அந்த அம்மா அதைப் பிடுங்கி எங்கள் பக்கம் எறிந்தாள். குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். பிறகு எங்களைப் போகச் சொன்னாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மறுநாள் பெரியம்மா தானே முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் சொல்லி, நீல ரிப்பன் பெட்டி இனித் தன் கைக்கு வரக் கூடாது என்றும் சொல்லிவிட்டு வந்தார். இப்போது அதை நான் அடுக்குகிறேன். என் முடிச்சு கோணல்தான். ஒவ்வொரு தடவையும் பெரியம்மா பக்கத்தில் வந்து, இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, பன்னிரண்டு கறுப்பையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பார்.

“நல்லாவே இல்ல,” என்பார். “அப்படியே மூடு.”