ஆணிக்கடை இதேலிடம் வெல்ஷ் பேசியவர்கள்

வெல்ஷ் தாய்மொழியான என் அண்ணன் இதேலுக்கு ஆங்கிலம் பேசச் சோம்பல். தெரியாமல் இல்லை. பள்ளியில் படித்தவன்தான், மொத்தச் சரக்குக்காரர்களிடம் தொலைபேசியில் பேசுகிறவன்தான். ஆனாலும் அது ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்குப் போடும் சட்டை மாதிரி கழுத்தைப் பிடிக்கிறது என்பான். பென்லானில் அப்பா விட்டுப்போன இரும்புச் சாமான் கடையை முப்பத்தெட்டு வருஷம் நடத்தினான். எங்கள் ஊரில் ஆளுக்குப் பெயர் மட்டும் போதாது, தொழிலும் ஒட்டிக்கொள்ளும். அவன் ஆணிக்கடை இதேல். நூலகத்தில் வேலை பார்த்த அவன் தங்கை நான், புத்தக டெக்வென். இருவருமே கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடைக்கு மேல் மாடியில் குடியிருந்தோம்.

வெல்ஷ் கற்றுக்கொண்டு, அதைப் பேசிப் பார்க்க வருகிறவர்களை எங்கள் ஊர் ஏமாற்றிவிடும். இங்கே தெருவில் நாய்கூட வெல்ஷில்தான் குரைக்கும் என்று வகுப்பில் சொல்லி அனுப்புவார்கள். அது உண்மைதான். ஆனால் வந்தவர் இரண்டாவது வார்த்தையில் தடுமாறினால் போதும், நாங்கள் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவோம். பாவம், எதற்குச் சிரமப்படுத்துவது? மரியாதை என்றே இதை வளர்த்திருக்கிறார்கள் எங்களிடம். நூலகத்தில் நானும் எத்தனையோ பேருக்கு அந்த மரியாதையைச் செய்திருக்கிறேன்.

மாரீனுக்கும் செய்தேன். அவள் ஆங்கிலம் மட்டுமே பேசும் ஸ்டோக் நகரத்தில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்தவள். ஜூன் மாதத்தில் இரண்டு வாரம், ஊருக்கு மேலே, விடுமுறைக்காரர்கள் தங்கும் கேரவன் வண்டிகள் நிற்கும் வயலில் வந்து தங்குவாள். இரண்டு குளிர்காலம் மாலை வகுப்புக்குப் போய்ப் படித்துவிட்டு முதல் தடவை வந்தபோது, நூலகத்தில் நான் அவளுக்கு ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். தபால் நிலையத்திலும் அதுவே நடந்தது. டீக்கடைப் பெண், "உங்க வெல்ஷ் ரொம்ப அழகா இருக்கு" என்று ஆங்கிலத்தில் பாராட்டினாள். ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்து ஜெபக்கூடத்துப் பின்னறையில் தேநீர் குடிக்க உட்கார்ந்தபோது, அவளுக்காக எட்டுப் பெண்களும் தங்களுக்குள்ளேயே ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

"எட்டுப் பேரோட வாயைக் கட்டிப்போட்டுட்டேன்" என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள். அன்று கேரவனுக்குப் போய் அழுதாளாம்.

மறுநாள் அவள் எங்கள் கடைக்கு வந்தபோது நான் இதேலுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன்.

"எனக்கு... வேணும்..." என்று ஆரம்பித்து நின்றுவிட்டாள். இதேல் மேசையில் முழங்கைகளை ஊன்றிக்கொண்டான். "கதவு... ஆடுற... அந்த..."

பின்னால் நின்ற ஆட்டுக்கார கெரைன்ட் பொறுக்கமாட்டாமல், "கீலுதான் வேணுமாம், எடுத்துக் குடுத்து அனுப்புய்யா. இவங்க முடிக்கிறதுக்குள்ள என் ஆடு பேத்தி எடுத்துரும்" என்றான்.

"உன் ஆடு ஒண்ணும் அவசரப்படல, நீதான் அவசரப்படுற. நில்லு. அவங்க இன்னும் முடிக்கல."

"கதவு விழுந்துருச்சு" என்றாள் மாரீன். "அதுக்கு இரும்பு வேணும்."

"எந்தக் கதவு?"

அவள் முகம் சிவந்துவிட்டது. ஊருக்கு வந்த நான்கு நாளில் அவளிடம் யாரும் இரண்டாவது கேள்வி கேட்டதில்லை.

அந்தக் கீலை வாங்க இருபது நிமிஷம் ஆனது. மறுநாள் திருகாணிக்கு வந்தாள். அதற்கு மறுநாள் தாழ்ப்பாள். செய்தி கேரவன் வயலில் பரவியது. வேறு ஊர்களிலிருந்து படிக்க வந்தவர்களும், 'ஆணிக்கடைக்குப் போங்க, அவர் காத்திருப்பார்' என்று கேள்விப்பட்டு வந்தார்கள். யாரும் சாமான் தேவைப்பட்டு வரவில்லை, பேசத்தான் வந்தார்கள். ஒன்பது ஜூன் மாதங்கள் இப்படிப் போயின.

"ஸ்டோக்ல இருக்கற கதவெல்லாம் உங்கண்ணன் கீல்லதான் தொங்குது, டெக்வென்" என்பான் கெரைன்ட். "நீயும் ஒரு தொப்பி வாங்கி வெச்சுக்கோ, அண்ணன் கல்யாணத்துக்குப் போட்டுக்க."

கல்யாணம் எல்லாம் இல்லை. அவன் யாரிடமும் அப்படித்தான். எதிரில் இருப்பவர் வார்த்தையைத் தேடும்போது முகத்தை உற்றுப் பார்க்கமாட்டான். அவர் கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

போன ஏப்ரலில், வாஷர் டப்பாவை இறக்கும்போது விழுந்தான். பக்கவாதம். கால் மெல்லத் தேறியது, பேச்சு தேறவில்லை. மருத்துவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "வார்த்தையெல்லாம் உள்ளேதான் இருக்கு. வர்ற வழிதான் அடைஞ்சிருக்கு. முதல் ஆறு மாசம் நிறையப் பேச வைங்க. விட்டா அப்புறம் வராது."

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்தாள். நல்ல பெண். ஆனால் அவளுக்கு ஆங்கிலம் மட்டும்தான் தெரியும். பூனைப் படத்தைக் காட்டி ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னாள். அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். வெல்ஷ் தெரிந்தவள் வர ஐந்து மாதம் ஆகும் என்றார்கள்.

ஊரே வந்து பார்த்தது. கேக்கும் சூப்பும் கொண்டுவந்தார்கள். அவன் வாயைத் திறந்தால், "டீயா? ஜன்னலைச் சாத்தணுமா? கால் வலிக்குதா?" என்று அவன் சொல்லவேண்டிய வார்த்தையை ஆளுக்கு ஆள் தாங்களே சொல்லிவிட்டார்கள். அவன் தலையை ஆட்டுவான். எல்லோருக்கும் நிம்மதியாகிவிடும். அதில் முதல் ஆள் நான். அவன் உதடு துடித்துக்கொண்டு நிற்பதை என்னால் பார்க்கமுடியவில்லை.

ஜூனில் மாரீன் வந்தாள். தினமும் மத்தியானம் மாடிக்கு வந்து அவன் எதிரில் உட்கார்ந்தாள். "இன்னைக்கு வானம் எப்படி இருக்கு?" என்று தன் வெல்ஷில் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தாள். நான் அடுப்படியில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். சத்தமே இல்லை. என்னவோ ஏதோ என்று கத்தியோடு வாசற்படிக்குப் போனேன். மாரீன் திரும்பாமலே கையை உயர்த்தி என்னை நிறுத்தினாள். அவள் பார்வை இதேலின் கைகளில் இருந்தது.

"மழை" என்றான்.

அவள் அசையவில்லை.

"பாழாப்போன... மழை."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அவன் சிரிப்பு வாயின் ஒரு பக்கத்தில்தான் வந்தது. நான் அடுப்படிக்குத் திரும்பிக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

இரண்டு வாரத்தில் ஆணி வகைகளைப் பேர் பேராகச் சொன்னான். கெரைன்ட் வந்தபோது, "ஆடு... பேத்தி... எடுத்துருச்சா?" என்று கேட்டு அவனைத் திணறடித்தான். மாரீன் புறப்படும் அன்று, சமையலைப் பற்றி நான் ஏதோ சொல்லிக்கொண்டே போக, முழு வாக்கியமாக, "டெக்வென், கொஞ்சம் வாய மூடு" என்றான். அப்பா இறந்த பிறகு எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

மாரீனுக்கு விடுமுறை அவ்வளவுதான். அக்டோபரில் ஒரு வாரம் வருகிறேன் என்றாள். "அதுவரைக்கும் நீங்க உக்காருங்க. ஒண்ணும் பண்ண வேணாம். சும்மா உக்காருங்க."

உட்கார்ந்தேன். சுவர்க் கடிகாரத்தில் ஒரு நிமிஷம் என்பது எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் தெரிந்தது. முதல் வாரம் இருபது வினாடி பொறுத்தேன். பிறகு பத்து. துணி காயவேண்டும், கடைக்கு ஆள் வருகிறார்கள், சூப் ஆறுகிறது. அவன் வார்த்தையை நானே முடித்துக்கொடுத்தேன். மாரீன் தொலைபேசியில் கூப்பிடுவாள். காதில் வெறும் இரைச்சல் மட்டும் கேட்டால் அவளுக்கு இணைப்பு அறுந்துவிட்டதா என்று சந்தேகம் வந்துவிடும். "இதேல், இருக்கீங்களா?" என்பாள். அவன் கருவியை என்னிடம் நீட்டிவிடுவான்.

ஆகஸ்டில் அவன் வாக்கியங்கள் போயின. செப்டம்பரில் வெல்ஷ் தெரிந்த பயிற்சிக்காரி வந்தாள். இரண்டு தடவை வந்துவிட்டு, "இவர் ஆரம்பிக்கவே மாட்டேங்கறாரே" என்றாள்.

அந்த மாதக் கடைசியில் ஒரு மதியம். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவன் என்னைப் பார்த்து, "டெக்வென்... நா..." என்றான். பல நாளைக்குப் பிறகு அவனாக வாயைத் திறந்தது அதுதான். கண்ணில் ஏதோ இருந்தது. நான் எழுந்துவிட்டேன்.

"தண்ணியா?"

அவன் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு 'யெஸ்' என்றான்.

ஆங்கிலத்தில் சொன்னான். என்னிடம், எங்கள் வீட்டில். நான் கொடுத்த தண்ணீரை முழுவதும் குடித்தான்.

பதினோராம் நாள் இரண்டாவது தடவை பக்கவாதம் வந்தது. அதிலிருந்து அவன் எழுந்திருக்கவில்லை.

மாரீன் அடக்கத்துக்கு வந்தாள். ஜெபக்கூடத்துப் பின்னறையில் தட்டும் கோப்பையுமாகக் கூட்டம். அவள் உட்கார்ந்த மேசை ஆங்கிலத்துக்கு மாறியது. அவள் எழுந்து என்னிடம் வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கள் மொழியில், ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்துக் கேட்டாள். "இதேல்... கடைசியா... உங்ககிட்ட..." மூன்றாவது வார்த்தையிலேயே என்ன கேட்கப்போகிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் அவள் கைகளைப் பார்த்துக்கொண்டு, அவள் முடிக்கிறவரை நின்றேன்.

"என்ன சொன்னாரு?"

"தண்ணி கேட்டான்" என்று பொய் சொன்னேன்.