கண்ணாடிப் பெட்டிக்குள் அம்மாவின் தூக்குச்சட்டி

கவிஞரின் நினைவில்லம் திறந்த பிறகு, தென்காசியில் அதை எட்டிப் பார்க்காதவர்கள் நானும் அம்மாவும் மட்டும்தான் என்று நினைக்கிறேன். ஒரு காலத்தில் அவர் எங்களுக்கு அடுத்த வீட்டுக்காரர். தினமும் பார்த்த முகத்தைப் பார்க்க எதற்குக் குற்றாலம் ரோட்டில் போய் வரிசையில் நிற்க வேண்டும் என்பது அம்மாவின் கட்சி.

என் மகள் போனில் எடுத்து வந்த படம்தான் வினையானது. கண்ணாடிப் பெட்டிக்குள் ஓர் எவர்சில்வர் தூக்குச்சட்டி. கீழே அட்டையில் 'கவிஞர் பயன்படுத்தியது'. அம்மா படத்தைப் பெரிதாக்கச் சொல்லி மூடியை உற்றுப் பார்த்தாள்.

"ஏட்டி, இது என் கல்யாணச் சீர்ல வந்த சட்டில்லா. அந்த நெளிசல் நான் கீழ போட்டதுல விழுந்தது. அடியில என் பேரு வெட்டியிருக்கும். போயி வாங்கிட்டு வந்துருவோம்."

அம்மாவும் கவிஞரின் மனைவியும் ஒருவர்மேல் ஒருவர் உயிராக இருந்தவர்கள். சுவருக்கு மேலாகச் சட்டி போகும், சட்டி வரும். வாங்கிய பாத்திரத்தை எங்கள் பக்கத்தில் வெறுமனே திருப்ப மாட்டார்கள். சொதிக் குழம்பு போன சட்டியில் ரெண்டு முறுக்காவது திரும்பி வர வேண்டும். அதற்காகவே ஒருத்தியின் சட்டி எப்போதும் மற்றவள் வீட்டில் காத்துக் கிடக்கும். கவிஞர் இறந்ததும் மகன் வந்து அந்த அம்மாளை வெளியூருக்கு அழைத்துப் போனார். அங்கேயே அந்த அம்மாளும் போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மாவின் சட்டி அந்த வீட்டுச் சாமான்களோடு போயிற்று. அவருடையது எங்கள் அடுக்களையில் தங்கிவிட்டது.

நாங்கள் போன அன்று நல்ல சாரல். அம்மா தோழியின் சட்டி நிறைய முந்திரிக்கொத்து செய்து ஒயர்கூடையில் எடுத்து வந்திருந்தாள். அம்மா சண்டைக்கு நின்றால் அருவிச் சத்தம் கேட்காது.

வாசலிலேயே காப்பாளர் மறித்தார். "ஆச்சி, தின்பண்டம் உள்ள கொண்டு போகக் கூடாது."

"பின்ன, வெறுஞ்சட்டியவா கொடுக்கச் சொல்லுத?"

அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். பிறகு நானே எல்லாக் கதையையும் சொன்னேன். முந்திரிக்கொத்து அவர் மேசையில் ஒரு தாளில் இறங்கியது. ஒன்றைக் கடித்துக்கொண்டே சாவியை எடுத்து வந்தார், நல்ல மனிதர்.

உள்ளே கவிஞரின் மூக்குக்கண்ணாடி, பேனாக்கள், மந்திரிகளோடு நிற்கும் படங்கள், வரிசையாகச் சால்வைகள். "இம்புட்டையும் அவதாம்ட்டி துவைச்சு மடிச்சு வச்சா," என்றாள் அம்மா. அவள் கண் தோழியைத்தான் தேடியது. மூலையில் ஒரே ஒரு படம் இருந்தது. அடியில் இருப்பதை என்னை வாசிக்கச் சொன்னாள்.

"கவிஞர் தம் துணைவியாருடன்."

"பேரு?"

"போடலம்மா."

"அவளுக்குப் பேரு இல்லயாக்கும்," என்று முணுமுணுத்தாள். எங்கள் வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லாத நாளே இருந்ததில்லை.

காப்பாளர் பெட்டியைத் திறந்து சட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார். அம்மாவின் பெயர் தேய்ந்துபோய், ஆனால் படிக்கிற மாதிரி இருந்தது.

"ஒங்க சட்டிதான் ஆச்சி. ஆபீஸ்ல ஒரு வார்த்த சொல்லிட்டு எடுத்துக்கிடுங்க. வெறுஞ்சட்டியா தாரேம்னு கோவிச்சுக்கிடாதீங்க."

அம்மா அதை வாங்கி முந்தானையால் துடைத்தாள். மூடியின் நெளிசலை விரலால் தடவினாள். கூடையில் வைக்கப் போகிறாள் என்று நானும் கூடையை விரித்துப் பிடித்தேன். அவளோ சட்டியைத் திரும்பவும் பெட்டிக்குள்ளேயே வைத்தாள். பக்கத்தில் தோழியின் சட்டியை, ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் வைத்தாள். தோழியின் பெயர் அடியில் அல்ல, பக்கவாட்டில் கொட்டை எழுத்தில் வெட்டியிருந்தது. அம்மா அந்தச் சட்டியைக் கொஞ்சம் திருப்பினாள், பிறகு இன்னும் கொஞ்சம்.

"ரெண்டும் இங்கனயே இருக்கட்டும்யா," என்றாள். "என் பேரு அடியிலயே கெடக்கட்டும். அவ பேரு மட்டும் வாரவங்க கண்ணுல படுத மாதிரி, இப்படியே வச்சிரு."